நூல் தருபவரும் சாரம் எடுப்பவரும் ஒருவரே

2025 ஏப்ரல் 2ஆம் திகதி, இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அமெரிக்கா அறிவித்தது. ஜூலையில் அது 30 வீதமாயிற்று. ஆகஸ்டில் 20 வீதத்தில் வந்து நின்றது. நமது ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. கொழும்பு பதறியதில் வியப்பில்லை. ஆனால் அந்த மாதங்களில் நடந்த விவாதம் பெரும்பாலும் ஏற்றுமதியாளரின் இலாபத்தையும் நாட்டின் டொலர் வரவையும் சுற்றியே நடந்தது. தீர்வையின் சுமை மேலிருந்து கீழே இறங்கும்போது கடைசியில் யார் தலையில் போய் அமரும் என்ற கேள்வி ஓரத்தில் கிடந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்க மருதமுனை பொருத்தமான இடம். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் பாண்டிருப்பைத் தாண்டினால் வரும் இந்த முஸ்லிம் நெசவு ஊர், நாட்டின் கதவு இறுக மூடியிருந்த காலத்தையும் அகலத் திறந்த காலத்தையும் பார்த்திருக்கிறது. இரண்டு காலத்திலும் தறியில் இருந்தவர் பெரிதாகத் தேறவில்லை. ஏன்?

மூடியபோதும் திறந்தபோதும்

1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. துணி இறக்குமதி அரசின் சலுசல நிறுவனத்தின் பிடியில் இருந்தது. வெளிநாட்டுத் துணி கிடைக்காத நாட்டில் உள்ளூர்த் தறிக்கு ஓய்வில்லை. மருதமுனையிலும் காத்தான்குடியிலும் நெய்த சாரத்துக்கும் சேலைக்கும் எங்கும் ஆள் காத்திருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்வோர் இன்றும் உண்டு. பாதி உண்மை. தறி ஓடியது, வேலை இருந்தது. ஆனால் நூலுக்கு அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கச் செல்வாக்கு வேண்டும். செல்வாக்கு தறிக்குழிக்குள் காலை வைத்து அமர்ந்திருப்பவரிடம் இருக்கவில்லை. வாங்குபவருக்கும் அது வரிசையில் நிற்கும் காலம்தான்.

1977 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தோடு ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு கதவைத் திறந்துவிட்டது. ஆலைத் துணியும் பொலியெஸ்டரும் வந்து குவிந்தன. வாங்குபவருக்கு அது நிம்மதி. அதை மறுக்க முடியாது. ஆனால் நாடெங்கும் கிராமப் பெண்கள் வேலை செய்த கூட்டுறவு நெசவு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. விசைத்தறிகளும் தப்பவில்லை. நெசவாளிக்கு மாற்றுத் தொழில் தேடிக்கொள்ள அவகாசமோ இழப்பீடோ இருக்கவில்லை.

அதே கொள்கைதான் 1978இல் கட்டுநாயக்கவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயத்தையும் கொண்டுவந்தது. ஒரு பக்கம் தறி நின்றது. மறுபக்கம் தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் சரிக்கட்டப்பட்டுவிடும். வீட்டில் அப்படி இல்லை. தறியை இழந்த கிழக்கு முஸ்லிம் பெண் கட்டுநாயக்கவில் அறை எடுத்துத் தங்கித் தைக்கப் போகவில்லை. ஊரும் குடும்பமும் விடவில்லை. மொழியும் தூரமும் விடவில்லை. சந்தை ஒரு தொழிலை மூடி இன்னொன்றைத் திறக்கும்போது, முதலாவதில் இருந்தவரே இரண்டாவதற்குப் போவார் என்று நினைப்பது பொருளியல் பாடநூலின் பழைய ஆசை.

மருதமுனை முழுதாக அழியவில்லை. தறி வீட்டுக்குள் இருந்தது. ஒருவர் தார் சுற்ற, ஒருவர் பாவு ஓட்ட, ஒருவர் நெய்ய என்று குடும்பமே தொழிற்சாலை. மருதமுனைச் சாரம் என்ற பெயருக்கும் மதிப்பிருந்தது. போர்க்காலத்து ஊரடங்கும் மூடிய வீதிகளும் கொழும்புச் சந்தையைத் தூரமாக்கின. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து தறிகளை அள்ளிக்கொண்டு போனது. அதே வாரக் கடைசியில், டிசம்பர் 31ஆம் திகதி, முப்பது ஆண்டுகளாக உலக ஆடை வணிகத்தை நாடுவாரியாகப் பங்குபோட்டு வைத்திருந்த கோட்டா முறை முடிவுக்கு வந்தது. சீனாவோடும் பங்களாதேஷோடும் நேருக்கு நேர் மோதும் காலம் தொடங்கியது. கரையோரத்தில் அந்தச் செய்தியைப் படிக்க அன்று யாருக்கும் மனமிருந்திராது.

வரி யார் கைக்குப் போகிறது?

துணி இறக்குமதிக்கு வரியைக் கூட்டினால் நெசவாளி பிழைப்பார் என்பது நமது பக்கத்தில் அடிக்கடி கேட்கும் கோரிக்கை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்.

வெளிநாட்டுச் சாரம் ஒன்று கொழும்புத் துறைமுகத்தில் 1,000 ரூபாவுக்கு இறங்குகிறது. அரசு 300 ரூபா வரி போடுகிறது. இப்போது அது 1,300க்குக் கீழே விற்காது. நமது சாரத்தை விற்பவரும் தன் விலையை இருநூறோ முந்நூறோ உயர்த்தலாம். அந்த முந்நூறு யாருக்கு?

வரியை விதித்த அரசாணையில் இதற்குப் பதில் இருக்காது. கடைக்காரரா, மொத்த வியாபாரியா, நூல் தந்து நெய்விக்கும் முதலாளியா, நெசவாளியா என்பதை இவர்களுக்கு இடையிலான பேரம்தான் தீர்மானிக்கும். பேரம் பேசும் பலம் என்பது பெரிய தத்துவம் இல்லை. “இந்தக் கூலிக்கு நெய்ய மாட்டேன்” என்று சொன்னால் நாளைக்கு என்ன ஆகும்? வேறொருவரிடம் வேலை கிடைக்குமானால் பலம் உண்டு. தறி சும்மா கிடக்குமானால் இல்லை.

இங்கேதான் நமது ஊர்த் தொழிலின் முடிச்சு. தறி நெசவாளியுடையது, நூல் முதலாளியுடையது. நூலையும் சாயத்தையும் அவரே தருகிறார், முற்பணமும் தருகிறார், நெய்த சாரத்தை அவரே எடுக்கிறார். நூல் வாங்கும் இடமும் துணி விற்கும் இடமும் ஒரே வாசல். முற்பணம் தீரும்வரை அடுத்த வாசலுக்குப் போக முடியாது. பெருநாள் நெருங்கும்போது மட்டும் கேட்பவர் கூடுவதால் கூலியில் கொஞ்சம் அசைவு தெரியும். பெருநாள் முடிந்ததும் பழைய கதை.

முதலாளியைக் கொடியவராக்கிப் பேசுவது எளிது. அவரும் கடனில் நூல் எடுத்து, கடனுக்குச் சாரம் கொடுத்து, கொழும்பிலிருந்து காசு வரக் காத்திருப்பவர். தொழிலுக்கு வங்கி வராத இடத்தில் வங்கி வேலையையும் அவரே பார்க்கிறார். ஆனால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரே வாசல் ஒரே வாசல்தான்.

இனி மறுபக்கம். வரியைக் குறைத்தால், அதிலும் நூலுக்கான செலவு குறைந்தால், நெசவாளிக்கு நன்மைதானே என்று கேட்கலாம். 1991இல் இந்தியா இறக்குமதித் தீர்வைகளை வெட்டியபின் அங்குள்ள நிறுவனங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் நால்வர் (டி லோக்கர், கோல்ட்பர்க், கண்டேல்வால், பாவ்ச்னிக்) 2016இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மூலப்பொருள் மலிவானதால் உற்பத்திச் செலவு நன்றாகக் குறைந்தது. ஆனால் பொருளின் விலை அந்த அளவுக்குக் குறையவில்லை. மிச்சத்தின் பெரும்பகுதி நிறுவனங்களின் இலாப விளிம்பில் தங்கிவிட்டது. மேலே ஊற்றுவது தானாகக் கீழே வடிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல மருந்து.

கீழே இறங்குவதில் சுமைக்கு மட்டும் தடையில்லை. 2022இல் ரூபா சரிந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. நூலும் சாயமும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருபவை. டொலர் ஏறியதும் அவற்றின் விலையும் ஏறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அரிசி வாங்கத் தடுமாறிய வீடு புதுச் சாரம் வாங்குமா? நூல் விலை ஏறியது, சாரம் வாங்குவோர் குறைந்தனர். இடையில் நசுங்கியது கூலி.

இன்னொரு சுவரையும் சொல்லாமல் விட முடியாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும் பிரசாரம் நாடெங்கும் பரவியது. அதற்கு வர்த்தமானி தேவைப்படவில்லை, சுங்க அதிகாரியும் தேவைப்படவில்லை. ஒரு சந்தை மூடப்பட்டால் பேரத்தில் ஒரு வாசல் குறைகிறது. யார் மூடினார்கள் என்பதில் தறிக்கு வேறுபாடில்லை.

ஆலைக்குள் இருப்பவரின் நிலை

மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆடைத் தொழிலிலும் இதே கேள்விதான், வேறு உருவில். அங்கே வாங்குபவர் கடல் கடந்து இருக்கிறார். சில பெரிய வணிக நிறுவனங்கள் விலையைச் சொல்கின்றன. இலங்கை ஆலை கட்டுப்படியாகவில்லை என்றால் கட்டளை வேறு நாட்டுக்குப் போகும். “சம்பளம் கேட்டால் கட்டளை போய்விடும்” என்பது பொய்யான மிரட்டல் என்று சொல்லிவிட முடியாது. 2025 மே மாதம் கட்டுநாயக்கவில் நெக்ஸ்ட் நிறுவனம் செலவு கட்டுப்படியாகவில்லை என்று தன் ஆலையை மூடியபோது 1,400 பேருக்கு மேல் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அந்த ஒரு செய்தி எத்தனை ஆலைகளில் சம்பளப் பேச்சை அடக்கியிருக்கும் என்பதைப் புள்ளிவிவரம் காட்டாது.

ஆனாலும் ஆலைத் தொழிலாளிக்கு ஒன்று உண்டு: ஒரே வாயிலால் பல்லாயிரம் பேர் உள்ளே போய் வெளியே வருகிறார்கள். 2011இல் தனியார் துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்கத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அரசு மசோதாவைக் கைவிட்டது. தனித்தனி வீடுகளில் தறியிருக்கும் ஊரில் இப்படி ஒன்றுகூட ஒரு வாயில் இல்லை. பக்கத்து வீட்டுக் கூலி என்னவென்று கேட்பதுகூடக் கூச்சம்.

வர்த்தகமே தொழிலாளிக்குப் பிடிமானம் தந்த சந்தர்ப்பமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகை 2005இல் கிடைத்தது, 2010இல் பறிபோனது, 2017இல் திரும்ப வந்தது. அதைப் பெற 27 சர்வதேசச் சாசனங்களை மதிக்க வேண்டும்; சங்கம் அமைக்கும் உரிமையும் அதில் அடக்கம். தொழில் அமைச்சின் கதவைத் தட்டிக் களைத்த சங்கங்கள் பிரசெல்ஸின் கதவைத் தட்ட முடிந்தது அதனால்தான். பிறநாட்டு நிபந்தனை என்று சிலருக்கு இது கசக்கும். நமது சட்டப் புத்தகத்திலேயே இருப்பதை நிறைவேற்றினால் பிரசெல்ஸ் எதற்கு?

நெசவாளிக்குத் திரும்பினால், அவரிடம் இருக்கும் ஒரேயொரு பேர ஆயுதம் கடவுச்சீட்டு. கட்டாரிலும் சவூதியிலும் வேலை கிடைக்கும் என்ற நிலைதான் ஊரில் கூலியை இந்த அளவிலாவது தாங்கிப் பிடித்திருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கான விலையையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் தறிக்கு வருவதில்லை. கூலி கட்டாத தொழிலைப் பிள்ளை பழக வேண்டும் என்று எந்தத் தகப்பனிடம் போய்ச் சொல்வது?

செய்யக்கூடியவை

முதலில் நூல். கிழக்கு மாகாணக் கிராமியக் கைத்தொழில் திணைக்களமும் ஊர்க் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்து மருதமுனையில் நூல் வங்கி ஒன்று திறக்க வேண்டும். ஒரு சாரத்துக்கு வேண்டிய நூலையும் சில்லறையாக வாங்க முடிய வேண்டும். நெய்து விற்றபின் காசு கட்ட ஒரு மாதத் தவணை வேண்டும். இந்தியாவில் 1983இல் தொடங்கிய தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகம் ஆலை விலைக்கே நெசவாளிக்கு நூல் சேர்க்கிறது. நூற்பாலைகள் சந்தைக்குத் தரும் நூலில் ஒரு பங்கைக் கைத்தறிக்கேற்ற சிட்டமாகத் தர வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. குறைகள் அவற்றிலும் உண்டு. ஆனால் நூலுக்கு இரண்டாவது வாசல் ஒன்று இருப்பதே முதல் வாசலில் பேச்சின் தொனியை மாற்றும்.

அடுத்தது கூலி. தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. வீட்டில் துண்டுக் கூலிக்கு நெய்பவருக்கு இந்த எண்கள் பத்திரிகைச் செய்தி மட்டும்தான். ஊழியர் சேமலாப நிதியும் அவருக்கு இல்லை. 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் நேரக் கூலிக்கு மட்டுமன்றித் துண்டுக் கூலிக்கும் குறைந்தபட்ச அளவு வகுக்க இடம் தருகிறது. ஒரு சாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஒரு சேலைக்கு எத்தனை என்று தறியருகே இருந்து அளந்து, அதைக் குறைந்தபட்சச் சம்பளத்தோடு பொருத்தித் தொழில் திணைக்களம் ஒரு கூலிப் பட்டியல் வெளியிடட்டும். முதலாளிகள் எதிர்ப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பட்டியல் என்றால், கூலியைக் குறைத்துப் போட்டியிடும் அண்டை முதலாளியிடமிருந்து நல்ல முதலாளிக்கும் அது பாதுகாப்பு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

இறக்குமதி வரி வேண்டுமா என்றால், மிதமான வரி இருக்கட்டும், காலவரையறையோடு. ஆனால் துணியில் வசூலாகும் வரியின் ஒரு பங்கு இந்த நூல் வங்கிக்கும் நெசவாளர் சமூகக் காப்புறுதிக்கும் போக வேண்டும். அந்தப் பங்கைச் சட்டத்தில் எழுதாமல் வரியை மட்டும் உயர்த்தினால் அது வியாபாரிக்குக் கொடுக்கும் சலுகையாகவே முடியும். நூலுக்கும் சாயத்துக்கும் வரியே கூடாது.

விற்பனையில், விசைத்தறியோடு விலையில் மோதும் பந்தயத்தை விட்டுவிடுவதே நல்லது. அதில் கைத்தறி வெல்லாது. பார்பரா சன்சோனி தொடங்கிய பெயார்ஃபுட்டும், 1991இல் குருநாகலில் தொடங்கிய செலினும் இதே நாட்டில், இதே கைத்தறியில் நெய்வித்து வெளிநாட்டவரை நல்ல விலை கொடுக்க வைத்திருக்கின்றன. மருதமுனையிடம் கைத்திறன் இருக்கிறது. பெயருக்குக் காப்பு இல்லை. எங்கோ விசைத்தறியில் நெய்ததை மருதமுனைச் சாரம் என்று விற்றால் இன்று யார் கேட்பது? இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியல் குறியீட்டைப் பெற்றது. அதே ஆண்டு நமது புலமைச் சொத்துச் சட்டமும் உள்நாட்டில் இத்தகைய குறியீடுகளைப் பதிவு செய்யத் திருத்தப்பட்டது. விண்ணப்பிக்க ஒரு நெசவாளர் சங்கம் வேண்டும். வியாபாரிகள் மட்டும் கூடி வாங்கிக்கொண்டால் குறியீட்டின் இலாபமும் அதே வாசலுக்குத்தான் போகும். சங்கத்தின் விதிகளில் நெசவாளிக்குப் பாதி இடமாவது எழுதப்பட வேண்டும்.

அரசும் ஒரு வாடிக்கையாளர்தான். 2025ஆம் ஆண்டுக்கான பாடசாலைச் சீருடைத் துணி முழுவதையும் சீனா அன்பளிப்பாகத் தந்தது. நெருக்கடியில் இருந்த நாட்டுக்கு அது உதவி. வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் அரசாங்க விடுதித் திரைச்சீலையும் அன்பளிப்பாக வரவில்லையே. தமிழ்நாட்டில் 1983 முதல் பொங்கலுக்கு ஏழைகளுக்கு வழங்கும் வேட்டி சேலை, நெசவாளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது உறுதியான வேலையைத் தருகிறது. அங்கும் விசைத்தறி பெரும்பங்கைப் பிடித்துவிட்டது என்பதைக் கவனித்து, இங்கே கட்டளையிலேயே “கைத்தறி மட்டும்” என்று எழுத வேண்டும். கல்முனையிலேயே பெரிய அரச ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. சுகாதாரத் துறையின் அடுத்த கேள்விப்பத்திரத்தில் விரிப்புகளில் பத்தில் ஒரு பங்கைக் கைத்தறிக் கூட்டுறவுகளுக்கு ஒதுக்கி, பாதிப் பணத்தை நூல் வாங்க முன்கூட்டியே கொடுத்தால், முதலாளியிடம் முற்பணம் வாங்காமல் பாவு ஓட்டும் வீடுகள் இந்த ஊரில் சிலவாவது இருக்கும்.